புக்கிங் பக்கம் சில போன்களில் மட்டும் திறக்கவில்லை. தப்பு யார் மேல்?

1. சில்வர்ஓக் | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஐந்து அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கூடவே தோட்டத்துக் காப்பித்தூள், மிளகு. எனக்குக் கம்ப்யூட்டர் விஷயம் அவ்வளவாகத் தெரியாது. வெப்சைட்டைச் செய்து கொடுத்த பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான்.

மார்ச் மாதம் புக்கிங்குக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் போட்டோம். எங்கள் தளத்தின் பெயருக்கு முன்னால் ‘புக்கிங்’ என்று சேர்த்த முகவரி. முதன்மைத் தளம் எல்லோருக்கும் திறக்கிறது. இந்தப் பக்கம் மட்டும் சிலருக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது. என் போனிலேயே வைஃபையில் திறக்கும், சிம் டேட்டாவுக்கு மாற்றினால் திறக்காது. அதுவும் எப்போதும் இல்லை. சில நேரம் திறந்தும் விடுகிறது.

நேற்று அடிவாரத்திலிருந்து ஒரு குடும்பம் போன் செய்தார்கள். மேலே ஏறுவதற்குள் பணம் கட்டி அறையை உறுதி செய்துகொள்ளலாம் என்று பார்த்தால் பக்கம் வரவில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியின் போனில் திறந்துவிட்டது, அவருக்கு மட்டும் இல்லை. இரண்டும் ஒரே கம்பெனி சிம்.

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால் “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது” என்கிறார்கள். சிம் கடையில் கேட்டால் “மற்ற சைட் எல்லாம் திறக்கிறதே அம்மா” என்கிறார்கள். கோடை விழா நேரம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றாவது சொல்லுங்கள்.

2. மூடுபனி20 | ஞாயிறு, காலை 7.15

டவர்தான் அக்கா. பதினைந்தாவது வளைவு தாண்டினால் என் போனே அரைமணி நேரம் செத்துத்தான் உயிர்க்கும்.

3. சில்வர்ஓக் | ஞாயிறு, காலை 7.22

டவர் இல்லை தம்பி. அதே இடத்தில் அதே சிம்மில் யூடியூப் ஓடுகிறது.

4. அஸ்தம்பட்டி53 | ஞாயிறு, காலை 9.40

அக்கா, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பொதுவில் போட வேண்டாம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம், நாளைக்கு அவர்களோடு நீங்கள்தான் பேசியாக வேண்டும்.

5. அஸ்தம்பட்டி53 | ஞாயிறு, காலை 11.05

பார்த்துவிட்டேன். போன் மேலும் தப்பில்லை, டவர் மேலும் தப்பில்லை. உங்கள் ‘புக்கிங்’ பெயருக்குப் பதில் சொல்கிற நேம்சர்வர் பொய் சொல்கிறது. நேம்சர்வர் என்றால் தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்கிற சர்வர், இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தைத் திறக்கும் முன் போன் இரண்டு கேள்விகள் கேட்கும். இந்தப் பெயருக்குப் பழைய வகை முகவரி, அதாவது ஐபிவி4, என்ன? இது ஏ பதிவு. புதிய வகை, ஐபிவி6, என்ன? இது குவாட்-ஏ பதிவு. உங்கள் சர்வரில் ஐபிவி6 கிடையாது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. முதல் கேள்விக்கு முகவரியைக் கொடுத்துவிட்டு, இரண்டாவதுக்கு “பெயர் உண்டு, ஆனால் இந்த வகைப் பதிவு இல்லை” என்று வெறும் பதில் கொடுத்தால் போதும். பிழைக்குறி பூஜ்யம், பதில் பகுதி காலி.

நேம்சர்வரைக் கேட்டுப் பார்க்க டிக் என்று ஒரு கட்டளை உண்டு. அதில் நான் கேட்டபோது வந்தது வேறு. ஏ பதிவுக்கு ஒழுங்காக முகவரி வந்தது. குவாட்-ஏ கேட்டதும் பிழைக்குறி 3, என்எக்ஸ்டொமைன். “அப்படி ஒரு பெயரே கிடையாது” என்று அர்த்தம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி “லேண்ட்லைன் இருக்கிறதா?” என்று கேட்டால், “இல்லை” என்று சொல்வதற்குப் பதிலாக “இந்தத் தெருவில் இப்படி ஒரு வீடே இல்லை” என்று சொல்கிறார்கள், அதே வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

இனி அந்த அடிவாரத்துக் குடும்பம். ஆர்எஃப்சி என்பவை இணையம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற ஆவணங்கள். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ன சொல்கிறதென்றால், பெயரே இல்லை என்ற பதில் அந்தப் பெயர் முழுமைக்கும் பொருந்தும், எல்லா வகைக் கேள்விக்கும் சேர்த்து அதை நினைவில் வைக்கலாம். உங்கள் ஏ பதிவின் ஆயுள் 30 விநாடி. இல்லை என்ற பதிலின் ஆயுள் 3600 விநாடி. போன்களுக்காக நேம்சர்வரைக் கேட்டு, பதிலை நினைவில் வைத்துக் கொடுக்கிற சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். சிம் கம்பெனியின் ரிசால்வரிடம் யாரோ ஒருவரின் போன் குவாட்-ஏ கேட்டுவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த ரிசால்வரைக் கேட்கிற எல்லோருக்கும் உங்கள் புக்கிங் பக்கம் உலகத்திலேயே இல்லை. பெரிய கம்பெனியில் ரிசால்வர்கள் பல இருக்கும். கணவர் போன் ஒன்றிடம் கேட்டிருக்கும், மனைவி போன் இன்னொன்றிடம்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது பல சிம்களில் போனுக்குக் கிடைப்பது ஐபிவி6 மட்டும்தான். பழைய வகைத் தளங்களுக்குப் போக டிஎன்எஸ்64 என்று ஒரு ஏற்பாடு, ஆர்எஃப்சி 6147, 2011. குவாட்-ஏ இல்லை என்று வெறும் பதில் வந்தால் ரிசால்வர் ஏ பதிவை வாங்கி, அதிலிருந்து ஒரு குவாட்-ஏவைத் தானே செய்து கொடுக்கும். ஆனால் “பெயரே இல்லை” என்று வந்துவிட்டால் அதை அப்படியே போனுக்குத் தள்ளிவிடும். இல்லாத பெயருக்கு எதை வைத்துச் செய்வது? சில போன்கள் ஏ பதிவையும் தனியாகக் கேட்டுத் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் போனுக்குப் போன் மாறுகிறது.

இது புதிய வியாதியும் இல்லை. ஆர்எஃப்சி 4074 என்று 2005இலேயே ஓர் ஆவணம், குவாட்-ஏ கேட்டால் நேம்சர்வர்கள் செய்கிற தப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங் செய்வதும் அதில் இருக்கிறது. இருபது வருடமாக ஒரே தப்பு.

6. லீபஜார்அட்மின் | ஞாயிறு, மதியம் 12.30

அஸ்தம்பட்டி சார் ஆர்எஃப்சியை எடுத்தால் சாப்பாட்டு நேரத்தில் கூட நிறுத்த மாட்டார் என்று தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்.

சேலம் லீ பஜாரில் மொத்த வியாபாரிகள் முப்பது பேருக்கு நான் சர்வர் பார்க்கிறேன். அக்கா முகவரி எனக்கும் வந்தது, என் ஆபீசில் திறக்கிறது. என் ரிசால்வர் பெயரையும் வகையையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறது. குவாட்-ஏவுக்கு இல்லை என்று வந்தால் குவாட்-ஏவுக்கு மட்டும் இல்லை. ஏ கேட்டால் போய்க் கேட்டு வாங்கி வருகிறது. இரண்டு விதமான ரிசால்வர் உலகத்தில் இருக்கும்போது, திறக்கிற ரிசால்வர் நல்லதா, திறக்காததா?

1980இல், இணையத்தின் ஆரம்ப விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் எழுதி வைத்துவிட்டுப் போனது இதுதானே. அனுப்புவதில் கண்டிப்பாக இரு, வாங்குவதில் தாராளமாக இரு. அதனால்தான் இணையம் இவ்வளவு தூரம் வந்தது. எழுதிய விதி படியே எல்லாம் நடக்க வேண்டுமென்றால் காலையில் லீ பஜாருக்குள் ஒரு லாரி கூட நுழைய முடியாது.

7. கருப்பூர்பஸ் | ஞாயிறு, மதியம் 1.10

நான் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு சந்தேகம் சார். 30 விநாடிக்குள் ஏ பதிவு கேஷில், அதாவது ரிசால்வரின் நினைவில், இருந்தால், அப்போது குவாட்-ஏவுக்கு என்எக்ஸ்டொமைன் வந்தால், ஏற்கனவே இருக்கிற ஏ பதிவு என்ன ஆகும்?

8. அஸ்தம்பட்டி53 | ஞாயிறு, மதியம் 2.45

தம்பி, நல்ல கேள்வி. மென்பொருளைப் பொறுத்தது. சில ரிசால்வர்கள் பெயரே இல்லை என்று கேட்டவுடன் அந்தப் பெயருக்கு வைத்திருந்த மற்றதையும் தூக்கி எறியும். சில, இருக்கிற ஏ பதிவை அதன் ஆயுள் முடியும் வரை கொடுக்கும். ஒரே சர்வர் ஒரே பெயரை உண்டு என்றும் இல்லை என்றும் சொன்னால் எதை நம்புவது என்பதில் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

9. கருப்பூர்பஸ் | ஞாயிறு, மதியம் 2.50

நன்றி சார். தம்பி இல்லை, தங்கை.

10. அஸ்தம்பட்டி53 | ஞாயிறு, மாலை 3.20

மன்னிக்கணும்மா.

லீபஜாருக்குப் பதில். மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏற்காடு ரோட்டில் வண்டி ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். ஒருவன் இறங்கும்போது வழி விடாமல் நடுவில் வருகிறான். ஏறுகிறவன் தாராள மனசோடு ரிவர்ஸ் எடுத்து இடம் கொடுக்கிறான். அடுத்த வளைவிலும் இன்னொருவன் அப்படியே கொடுக்கிறான். கீழே வந்து சேர்ந்தவன் என்ன நினைப்பான்? தான் நன்றாக ஓட்டுகிறேன் என்றுதான் நினைப்பான். ரிவர்ஸ் எடுத்தவனுடைய கிளட்ச் தேய்ந்த கணக்கு அவனுக்கு ஒருநாளும் தெரியாது.

இது நிஜமாக நடந்தது. 1987இல், டிஎன்எஸ்ஸை வடிவமைத்த பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1034, 1035இன்படி யூடிபியில், அதாவது இணைப்பு எதுவும் ஏற்படுத்தாமல் ஒரே பாக்கெட்டாக அனுப்புகிற முறையில், ஒரு பதில் 512 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. அது பற்றாது என்று 1999இல் ஈடிஎன்எஸ் என்ற நீட்டிப்பு வந்தது. கேள்வியின் வாலில் ஒரு சின்னப் பதிவு, “எனக்கு இவ்வளவு பெரிய பதில் வாங்க முடியும்” என்று சொல்ல. இதைத் தெரியாத பழைய சர்வர் “கேள்வி வடிவம் புரியவில்லை” என்று திருப்பிச் சொன்னால் போதும், ரிசால்வர் வால் இல்லாமல் மறுபடி கேட்கும். ஆனால் கொஞ்சம் சர்வர்களும், அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஃபயர்வால்களும் பதிலே சொல்லாமல் கேள்வியைக் கீழே போட்டுவிட்டன.

பதில் வரவில்லையென்றால் வழியில் தொலைந்ததா, அந்தப் பக்கம் மண்டையில் ஏறவில்லையா என்று ரிசால்வருக்கு எப்படித் தெரியும்? காத்திருந்து, மறுபடி கேட்டு, அப்புறம் வாலை வெட்டிவிட்டுக் கேட்டு. இந்தத் தாராளத்தைப் பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் என்ற ரிசால்வர் மென்பொருள்கள் எல்லாம் வருடக்கணக்காகச் சுமந்தன. சில நேரம் உண்மையிலேயே பாக்கெட் தொலைந்திருக்கும். அப்போது ஒழுங்கான சர்வரைக் கூட ஈடிஎன்எஸ் தெரியாதது என்று நினைத்து, பதில் போலி இல்லை என்று காட்டுகிற அதன் டிஎன்எஸ்செக் கையெழுத்தை வாங்க முடியாமல் போகும். ஒழுங்காக இருப்பவனுக்குத் தண்டனை.

கடைசியில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதியைக் குறித்தார்கள். டிஎன்எஸ் ஃப்ளாக் டே. அதற்குப் பிறகு வரும் வெளியீடுகளில் இந்த ரிவர்ஸ் எடுக்கிற வேலை கிடையாது, பதில் சொல்லாத சர்வர் செத்த சர்வர்தான் என்று நான்கு மென்பொருளும் சேர்ந்து அறிவித்தன. கூகுள், கிளவுட்ஃபிளேர், குவாட்9 போன்ற பொது ரிசால்வர்களும் சேர்ந்துகொண்டன. வானம் இடிந்து விழவில்லை. பல வருடமாக மின்னஞ்சலுக்குப் பதில் போடாத நிறுவனங்கள் கூட ஜனவரியில் சர்வரைச் சரிசெய்தன.

11. லீபஜார்அட்மின் | ஞாயிறு, இரவு 8.15

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற ‘விதி’யை எழுதுகிறவர்களும் ரிசால்வர் செய்கிறவர்கள்தானே. அவர்களுக்கு வேண்டும்போது விதியில் இல்லாததையும் எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு உதாரணம். 2008இல் டான் காமின்ஸ்கி பொய்ப் பதிலைக் கேஷில் நுழைக்கிற வழியைக் காட்டினாரே, அதே வருடம் பாதுகாப்புக்கு ஒரு தந்திரம் கொண்டுவந்தார்கள். கேள்வியில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாகக் கலைத்து அனுப்புவது. பதிலிலும் அதே கலவை அப்படியே திரும்பி வரவேண்டும். வந்தால்தான் நம்புவேன் என்பது. கூகுளின் பொது டிஎன்எஸ் இதைச் செய்கிறது. எந்த ஆர்எஃப்சி இதைக் கட்டாயம் என்றது? அது வரைவாகவே நின்றுபோனது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான் என்பதுதான் 1987 விதி. என் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய சர்வர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித் திருப்பிவிடும். இத்தனை வருடம் ஓடியது, திடீரென்று தப்பு அதன் மேல்.

அப்புறம் இந்த ஆவணக் குவியல். பவர்டிஎன்எஸ்ஸைத் தொடங்கிய பெர்ட் ஹூபர்ட்டே 2018இல் தரநிலைக் கூட்டத்தில் எழுந்து, டிஎன்எஸ் என்ற ஒட்டகத்தின் முதுகில் இன்னும் எத்தனை மூட்டை ஏற்றுவீர்கள் என்று கேட்டார். சின்ன ஊர் ஹோஸ்டிங்காரன் எதைப் படிப்பான், எப்போது படிப்பான்?

12. அஸ்தம்பட்டி53 | ஞாயிறு, இரவு 9.00

எழுத்துக் கலவை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. அதை யாரும் கட்டாயம் என்று எழுதவில்லை. ஆனால் கேள்விப் பகுதியை அப்படியே நகல் எடுத்துத் திருப்பி அனுப்புவதை விட்டு, உங்கள் வாடிக்கையாளர் சர்வர் ஏன் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகச் சிறிதாக்குகிறது? யாராவது கேட்டுப் பார்த்தீர்களா?

ஒட்டக விஷயத்தில் முழுக்கச் சரி. பதில் இல்லை என்னிடம்.

13. கொலுசுப்பட்டறை | திங்கள், காலை 10.20

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆபீசில் சொந்த மெயில் சர்வர். வடக்கே ஒரு பெரிய நகைக் கடைக்காரரின் மெயில் மட்டும் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தாமதமாக வருகிறது. ஆர்டர் மாடல் படம் மெயிலில் வரும், அது வருவதற்குள் வேலை செய்பவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

சர்வர் பதிவேட்டில் ‘டிஎன்எஸ் நேரம் கடந்தது’ என்று இருக்கிறது. இதுவும் அந்தப் பொய்ப் பதில் வியாதியா?

14. கருப்பூர்பஸ் | திங்கள், மாலை 6.30

அண்ணா, நீங்கள் தனிச்செய்தியில் கொடுத்த அந்தக் கடையின் பெயருக்கு டெக்ஸ்ட் பதிவு, அதாவது பெயரோடு சேர்த்து வைக்கிற எழுத்துக் குறிப்புகள், கேட்டுப் பார்த்தேன். பஸ் நிறுத்தச் சுவரில் போஸ்டர் ஒட்டியது மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் ‘இந்தப் பெயர் எங்களுடையதுதான்’ என்று சரிபார்க்க ஒரு வரி ஒட்டுவார்களே, அவற்றை எடுக்கவே இல்லை. இருபதுக்கு மேல் இருக்கிறது. நடுவில் எங்கேயோ எஸ்பிஎஃப் வரி, அதாவது இந்தப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை என்று சொல்கிற வரி. மெயில் வந்ததும் உங்கள் சர்வர் இதைத்தான் கேட்டுப் பார்க்கும். மொத்தம் 1232 பைட்டைத் தாண்டுகிறது.

1232 ஏன் என்றால், ஐபிவி6இல் எந்த வழியும் 1280 பைட் பாக்கெட்டைத் தாங்கியாக வேண்டும். அதில் 40 ஐபி தலைப்பு, 8 யூடிபி தலைப்பு. மீதி 1232. 2020 அக்டோபர் 1 ஃப்ளாக் டேயில் இதைத்தான் இயல்பு அளவாக வைக்கச் சொன்னார்கள், பாக்கெட் வழியில் துண்டாகாமல் இருக்க. அதற்கு மேல் போனால் சர்வர் ‘வெட்டப்பட்டது’ என்று ஒரு பிட் வைத்து அனுப்பும், ரிசால்வர் அதையே டிசிபியில், அதாவது முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசுகிற முறையில், மறுபடி கேட்க வேண்டும்.

உங்கள் ஆபீசிலிருந்து வெளியே, டிஎன்எஸ் கேள்விகள் போகிற 53ஆம் போர்ட்டில் டிசிபி போகிறதா என்று பாருங்கள் அண்ணா. டிக் கட்டளையில் டிசிபி என்று சேர்த்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

15. கொலுசுப்பட்டறை | செவ்வாய், காலை 9.45

கேட்டேன்மா. யூடிபியில் உடனே வருகிறது, டிசிபியில் கர்சர் சும்மா துடித்துக்கொண்டிருக்கிறது. ஃபயர்வாலைத் திறந்து பார்த்தேன். ‘வெளியே 53 டிசிபி: மறுப்பு’ என்று ஒரு விதி, பக்கத்தில் ‘ஜோன் டிரான்ஸ்ஃபர் தேவையில்லை’ என்று குறிப்பு. போன வருடம் இதைப் போட்டுக் கொடுத்தது இந்த இழையிலேயே இருக்கிற ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், அவருடைய பெயரிலேயே போர்ட் நம்பர் இருக்கிறது.

16. மூடுபனி20 | செவ்வாய், காலை 9.52

😂😂😂

17. லீபஜார்அட்மின் | செவ்வாய், காலை 10.05

ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் சார்.

18. அஸ்தம்பட்டி53 | செவ்வாய், மதியம் 1.30

நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் “டிசிபி 53 என்றால் ஜோன் டிரான்ஸ்ஃபர், மூடிவிடு” என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தளத்தின் பதிவுகள் முழுவதையும் ஒரு நேம்சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுப்பதுதான் ஜோன் டிரான்ஸ்ஃபர். அதை யோசிக்காமல் போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். 1987 ஆவணத்திலேயே சாதாரணக் கேள்விக்கும் டிசிபி உண்டு. 2010இல் அதைக் கட்டாயம் என்று எழுதினார்கள், 2016இல் ஆர்எஃப்சி 7766இல் மறுபடி அழுத்தி எழுதினார்கள். இரண்டையும் நான் படித்திருக்கிறேன். படித்தவனின் கை பழைய விதியைத்தான் டைப் செய்தது.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், அனுப்புகிற பெரிய மெயில் நிறுவனங்கள் விடாமல் மறுபடி மறுபடி முயல்கின்றன. எப்போதாவது ஒரு வழியில் பெரிய பதில் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. மெயில் தாமதமாகவாவது வந்துவிடுகிறது. தாராளம் என் தப்பை மூடி வைத்திருந்தது.

இன்று மாலை செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம். இன்னும் எட்டு இடத்தில் இதே விதி இருக்கிறது, இந்த வாரம் அந்த வேலைதான்.

19. கொலுசுப்பட்டறை | செவ்வாய், மதியம் 1.41

வாங்க சார். தட்டுவடை செட் வாங்கி வைக்கிறேன்.

20. சில்வர்ஓக் | செவ்வாய், மாலை 4.00

எல்லோரும் பேசுவது பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அஸ்தம்பட்டி சார் சொன்னதை அப்படியே அனுப்பினேன். வந்த பதிலைச் சுருக்கித் தருகிறேன். “எங்கள் லோட் பேலன்சர் ஐபிவி4 மட்டும் ஆதரிக்கிறது. ஆகவே ஐபிவி6 கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்வது சரியான நடத்தை. உங்கள் புகார் முடிக்கப்பட்டது.”

நான் என்ன பதில் எழுத வேண்டும்?

21. லீபஜார்அட்மின் | செவ்வாய், மாலை 5.25

அக்கா, கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கோடை விழா முடிந்துவிடும். அவர்களுக்கு ஆர்எஃப்சி நம்பர் அனுப்பினால் இன்னும் கோபம்தான் வரும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏ கேட்டால் முகவரி தருகிறீர்கள், குவாட்-ஏ கேட்டால் பெயரே இல்லை என்கிறீர்கள். பெயர் இருக்கிறதா, இல்லையா?” இதற்கு அவர்கள் என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள்.

அதற்குள் நாம் செய்ய வேண்டியது வேறு. முதன்மைப் பெயரின் கட்டுப்பாட்டுப் பக்கம் உங்களிடம்தானே இருக்கிறது? பெயர் வாங்கிய இடத்தில் லாகின் செய்யுங்கள். ‘புக்கிங்’ என்ற பெயருக்கு இரண்டு என்எஸ் பதிவுகள் இருக்கும். இந்தப் பெயரைப் பற்றி லோட் பேலன்சரைப் போய்க் கேள் என்று கை காட்டுகிற பலகைகள் அவை. இரண்டையும் எடுத்துவிட்டு, அதே பெயருக்கு ஒரே ஒரு ஏ பதிவு போடுங்கள். முகவரி நான் தனிச்செய்தியில் தருகிறேன். வருகிற கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடுகிற கருவிதான் லோட் பேலன்சர். ஐந்து அறைக்கு எதற்கு அது? எத்தனை முறை கேட்டாலும் ஒரே முகவரியைத்தான் தருகிறது, நான் ஐம்பது முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குவாட்-ஏ கேட்டால் பதில் சொல்லப்போவது பெயர் வாங்கிய இடத்து நேம்சர்வர். அது ஒழுங்கானது, சோதித்தேன். பழைய பலகையின் ஆயுள் ஒருநாள் என்று போட்டிருக்கிறது, அதனால் நாளை இரவு வரை சிலருக்குப் பழைய தொல்லை இருக்கும். ஒரு விஷயம் மட்டும்: ஹோஸ்டிங்காரர் முகவரியை மாற்றினால் நீங்களும் கையால் மாற்ற வேண்டும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

22. அஸ்தம்பட்டி53 | செவ்வாய், இரவு 7.50

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், டிசிபி திறந்தாகிவிட்டது.

லீபஜார் சொன்ன வழி சரியான வழி. அக்கா, செய்துவிடுங்கள். ஆனால் ஒன்றைப் பதிவு செய்கிறேன். இதுவும் ரிவர்ஸ் எடுப்பதுதான். அந்த லோட் பேலன்சருக்குப் பின்னால் இன்னும் எத்தனை தளங்கள் இருக்கின்றனவோ, அவர்களுக்கு லாகின் செய்து மாற்றச் சொல்லித் தர யாரும் இல்லை.

23. லீபஜார்அட்மின் | செவ்வாய், இரவு 8.10

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்காவின் அறை காலியாகக் கிடந்தால் அந்த மற்றவர்களுக்கு என்ன லாபம்?

24. கருப்பூர்பஸ் | செவ்வாய், இரவு 10.30

அந்த லோட் பேலன்சரின் நேம்சர்வரிடம் வேறு சில கேள்விகளும் கேட்டேன். எம்எக்ஸ், அதாவது மெயிலை எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்ற பதிவு, கேட்டால் பதிலே இல்லை. ஈடிஎன்எஸ் பதிப்பு 1 என்று கேட்டால், ‘அந்தப் பதிப்பு தெரியாது’ என்று குறி அனுப்ப வேண்டும், அதுவும் இல்லை, மௌனம். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8906 இந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மார்க் ஆண்ட்ரூஸ், ரே பெல்லிஸ் இருவரும் எழுதியது, எந்தக் கேள்விகளைக் கேட்டுச் சோதிக்கலாம் என்றும் இருக்கிறது. அதையே என் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நம் ஊர்த் தளங்களின் நேம்சர்வர்களுக்கு மட்டும்.

25. மூடுபனி20 | செவ்வாய், இரவு 10.44

தமிழிலேயே பெயர் வாங்கி முடிவில் ‘.இந்தியா’ போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காதா?

26. கருப்பூர்பஸ் | செவ்வாய், இரவு 10.58

இருக்கும் அண்ணா. உள்ளே போகும்போது அதுவும் எக்ஸ்என் என்று தொடங்குகிற ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகும். ஒரு துண்டு 63 பைட் தாண்டக்கூடாது என்ற பழைய கணக்கு அதற்கும் உண்டு. நேம்சர்வருக்குத் தமிழ் என்றும் தெரியாது, ஏற்காடு என்றும் தெரியாது.

27. நெறியாளர் | புதன், காலை 8.00

தமிழ்ப் பெயர் பேச்சைத் தனி இழையில் தொடரவும். தலைப்பு அருமையானது, இதற்குள் தொலைந்துவிடும்.

28. லீபஜார்அட்மின் | வியாழன், காலை 11.20

ஒரு சேதி. நேற்று இரவு உட்கார்ந்து, நான் பார்க்கிற முப்பது பேரின் பெயர்களுக்கும் குவாட்-ஏ கேட்டுப் பார்த்தேன், தங்கை சொன்ன மற்ற கேள்விகளையும். இருபத்தேழு ஒழுங்கு. மூன்று, பழைய பெட்டி ஒன்றில் இருப்பவை, அக்காவின் லோட் பேலன்சர் மாதிரியே பெயரே இல்லை என்று பொய் சொல்கின்றன. அதில் ஒருவர் ஜவ்வரிசி மொத்த வியாபாரி. வடநாட்டு ஆட்களுக்குத் தன் தளம் திறக்கவில்லை என்று இரண்டு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். “உங்கள் ஆட்களின் போனைப் பாருங்கள்” என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

அந்த எழுத்தைச் சிறிதாக்குகிற சர்வரும் அதே பெட்டிதான்.

29. அஸ்தம்பட்டி53 | வியாழன், காலை 11.32

நான் ஒன்றும் சொல்லவில்லை.

30. லீபஜார்அட்மின் | வியாழன், காலை 11.35

தெரியும் சார். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

31. சில்வர்ஓக் | சனி, மாலை 5.40

பலகையை எடுத்துவிட்டு ஏ பதிவைப் போட்டேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். வியாழன் முழுக்கக் குழப்பமாக இருந்தது, வெள்ளிக்கிழமை முதல் யாரும் திறக்கவில்லை என்று சொல்லவில்லை. இன்று காலை ஒரு தம்பதி காரில் ஏறும்போதே, நிறுத்தி நிறுத்தி, அந்தச் சிம்மிலிருந்தே பணம் கட்டிவிட்டார்கள். இப்போது மூன்றாவது அறையில் தூங்குகிறார்கள்.

ஹோஸ்டிங்காரர்களிடம் பெயர் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். “உங்கள் கேள்வி தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பப்பட்டது” என்று நேற்று வந்தது. இன்று மதியம் இன்னொன்று: “புகார் முடிக்கப்பட்டது.”

லீபஜார் தம்பி, அஸ்தம்பட்டி சார், கருப்பூர் பாப்பா, மூவருக்கும் அரைக்கிலோ காப்பித்தூள் எடுத்து வைத்திருக்கிறேன். சிக்கரி கலக்காதது. திங்கட்கிழமை சேலம் வருகிறேன், எங்கே கொடுப்பது?

32. மூடுபனி20 | சனி, மாலை 5.43

அக்கா, டவர் என்று முதலில் சொன்னது நான்தான்.